எளிய உடையில் செம்மை

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் குடிபாலா. இவ்வட்டாரத்தில் தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. தமிழர் ‘வேட்டி’ என்பதைத் தெலுங்கர் ‘பஞ்செ’ என்பர். ‘துண்டு’ என்பதைக் ‘கண்டுவா’ என்பர். ‘பாவாடை தாவணி’யை ‘லங்கா வோணி’ என்பர். சட்டையைக் குறிக்கும் ‘சொக்கா’ என்னும் தெலுங்குச் சொல், ‘சொக்காய்’ என்ற வடிவில் தமிழ்ப் பேச்சிலும் உண்டு. பெயர்கள் வேறுபடினும் அன்றாட உடை பெரும்பாலும் ஒன்றே. பெரியோர் வேட்டியும் சேலையும் உடுத்துகின்றனர். இளையோர் கால்சட்டை, டி-சட்டை, சுடிதார் முதலியவற்றை அணிகின்றனர். இவை பட்டாடைகளோ திருமண உடைகளோ அல்ல. கடைக்கும் வயலுக்கும் பள்ளிக்கும் செல்லும் எளிய உடைகளே.

எளிய உடையில் ஒருவர் செம்மையாகத் தோன்றுவது எதனால்? விலையுயர்ந்த துணியாலா? அன்று என்பதே தமிழ்ப் பழமொழி தரும் விடை. “கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பர் முன்னோர். கந்தை என்பது பழைய, கிழிந்த துணி. அதனையும் துவைத்து உடுத்துக என்பதே இதன் பொருள். துணியின் விலையைப் பற்றி இப்பழமொழி ஒன்றும் கூறவில்லை. உடுத்துவோரின் உழைப்பையே கூறுகின்றது. ‘கசக்கு’ என்னும் ஏவலில்தான் செம்மையின் தொடக்கம் உள்ளது.

கடல் கடந்த தலைத்துணி

இன்றைய சித்தூர் நகரம் 1911ஆம் ஆண்டு வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டம் ஆயிற்று; 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அதில் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடஆர்க்காட்டிலிருந்தும் சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளிலிருந்தும் தமிழரும் தெலுங்கரும் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குச் சென்றனர். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் முதற்கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் நேட்டாலுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் அவர்கள் உழைத்தனர்.

அவ்வாறு சென்ற தமிழருள் ஒருவர் பாலசுந்தரம். 1894ஆம் ஆண்டில் அவர் தர்பன் நகரில் இளம் வழக்கறிஞராக இருந்த மோகன்தாஸ் காந்தியைத் தேடி வந்தார். அவருடைய உடை கிழிந்திருந்தது. முதலாளி அடித்ததால் முன்பற்கள் இரண்டு உடைந்து வாயிலிருந்து குருதி வழிந்தது. தம் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்தவாறு அவர் நடுங்கி நின்றார். வெள்ளையர் ஒருவரைக் காணச் செல்லும் ஒப்பந்தக் கூலி, தலையணியை அகற்றிவிட வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. காந்தியின் முன்னும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று பாலசுந்தரம் எண்ணிவிட்டார்.

தலையணியை அகற்றுமாறு கட்டளையிடப்படுவதன் வேதனையைக் காந்தி அறிந்தவர். 1893இல் தர்பன் நீதிமன்றத்தில் நீதிபதி அவரிடம் தலைப்பாகையைக் கழற்றுமாறு கூறினார். காந்தி மறுத்து நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். எனவே அவர் பாலசுந்தரத்திடம் தலைத்துணியைக் கட்டிக்கொள்ளுமாறு கூறினார். பாலசுந்தரம் தயக்கத்துடன் அதனைக் கட்டிக்கொண்டார்; ஆயினும் அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதைக் காந்தி கண்டார். பின்னர், காந்தி அவரை மருத்துவரிடம் அனுப்பி, காயத்திற்குச் சான்றிதழ் பெற்று, நீதிபதியிடம் முறையிட்டார். கொடுமை செய்த முதலாளியிடமிருந்து பாலசுந்தரம் விடுவிக்கப்பட்டு, வேறொருவரிடம் பணிக்கு மாற்றப்பட்டார். இந்நிகழ்ச்சியைக் காந்தி தம் ‘சத்திய சோதனை’ நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

அந்தத் தலைத்துணி விலையுயர்ந்தது அன்று. எனினும், அதனைத் தலையில் முறையாகக் கட்டி நிற்பதற்கும் கையில் ஏந்தி நிற்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்தது. முன்னது தன்மதிப்பு, பின்னது அடக்குமுறை. எளிய உடையின் ஒழுங்கு வெறும் அழகு பற்றியது மட்டும் அன்று என்பதனை இந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகின்றது.

துணி வெளுத்த வழக்கறிஞர்

காந்தியும் தொடக்கத்தில் விலையுயர்ந்த உடையே மதிப்பைத் தரும் என்று எண்ணியவர்தாம். 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்றபோது, அந்நகரின் பெயர்பெற்ற பாண்டு தெருவில் பத்துப் பவுன் செலவிட்டு மாலை உடை தைத்துக்கொண்டார். கழுத்துப்பட்டையைச் சீராகக் கட்டவும் தலைமுடியை வகிடெடுத்து வாரவும் நாள்தோறும் பத்து நிமிடங்கள் நிலைக்கண்ணாடியின் முன் நின்றார். சில மாதங்களில் இந்நாட்டத்தின் வெறுமையை உணர்ந்து ஆடம்பரத்தைக் குறைத்துக்கொண்டார். தூய்மையையும் ஒழுங்கையும் மட்டும் கைவிடவில்லை.

தென்னாப்பிரிக்காவில் சலவைக்குப் பெருஞ்செலவு ஆயிற்று. ஆகவே அவர் சலவை பற்றிய நூல் ஒன்றை வாங்கிப் படித்துத் தாமே துணி வெளுக்கக் கற்றார். முதன்முதலாகத் தாம் கஞ்சியிட்டுத் தேய்த்த கழுத்துப்பட்டியை அணிந்து நீதிமன்றம் சென்றார். கஞ்சி மிகுதியாகிவிட்டது, தேய்ப்புப் பெட்டியும் போதிய சூடேறவில்லை. பட்டியிலிருந்து கஞ்சி உதிர்ந்துகொண்டே இருந்தது. உடன் இருந்த வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவர் வெட்கப்படவில்லை, முதல் முயற்சி அப்படித்தான் இருக்கும் என்று எண்ணித் தொடர்ந்து பயின்றார்.

பிரிட்டோரியா நகரில் வெள்ளை முடிதிருத்துநர் ஒருவர் அவருக்கு முடி வெட்ட மறுத்தார். காந்தி கருவி ஒன்றை வாங்கிவந்து, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு அமைந்தது, பின்பக்கம் சிதைந்துபோயிற்று. எலி கடித்ததா என்று நண்பர்கள் கேலி செய்தனர். காந்தியோ அந்த முடிதிருத்துநர் மீது சினம் கொள்ளவில்லை. நம் நாட்டிலும் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோருக்கு முடிதிருத்துநர் பணி செய்ய நாம் இசைவதில்லையே என்று எண்ணிப் பார்த்தார். பிறர் தமக்கு இழைத்த இழிவு, தம் சமூகம் பிறருக்கு இழைக்கும் இழிவை அவருக்கு நினைவூட்டியது.

ஆண்டுகள் சென்றன. 1912இல் கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். மகாதேவ் கோவிந்த் ரானடே அன்பளிப்பாகத் தந்த மேல்துண்டு ஒன்றைக் கோகலே பெரிதும் போற்றி வைத்திருந்தார். சிறப்பு நாள்களில் மட்டுமே அணிவார். ஜோகன்னஸ்பர்க் நகரில் அவருக்கு விருந்து நடக்கவிருந்த நாளில் அத்துண்டு கசங்கியிருந்தது. சலவைக்கு அனுப்பப் பொழுதில்லை. காந்தி தாமே தேய்த்துத் தருவதாகக் கூறினார். வழக்கறிஞர் திறமையை நம்பலாம், சலவைத் திறமையை எவ்வாறு நம்புவது என்று கோகலே முதலில் தயங்கினார். காந்தி விடாது வேண்டி இசைவு பெற்று, சுருக்கமின்றித் தேய்த்துக் கொடுத்தார். கோகலேயின் பாராட்டையும் பெற்றார். கஞ்சி உதிர நீதிமன்றத்தில் நின்ற அதே கைகள், பயிற்சியால் இத்திறமையை அடைந்தன.

துணி வெளுப்பதையும் முடி திருத்துவதையும் நம் சமூகம் நெடுங்காலம் தாழ்ந்த தொழில்கள் எனக் கருதி வந்தது. ஆனால் ஒவ்வொருவரின் செம்மையான தோற்றத்திற்குப் பின்னும் இத்தொழில்களின் நுட்பமே உள்ளது. அந்நுட்பத்தைச் சிறிதளவேனும் கற்றுக்கொண்டவர், அதனைச் செய்வோரை இகழ மாட்டார்.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் காந்தி மதுரையில் இருந்தார். கதர் வாங்கவும் இயலாத ஏழை மக்களின் நிலை அவர் உள்ளத்தை வருத்தியது. அன்று அவர் சட்டையையும் தொப்பியையும் நீளமான வேட்டியையும் துறந்து, முழங்கால் அளவான துணியை உடுத்தத் தொடங்கினார். 1931இல் இலண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜைக் காணச் சென்றபோதும் உடையை மாற்றவில்லை. இலண்டனில் பத்துப் பவுன் உடை தராத மதிப்பை, தூய வெண்கதர் தந்தது.

செம்மையின் நான்கு கூறுகள்

வேட்டியாயினும் டி-சட்டையாயினும், எளிய உடையில் செம்மையாகத் தோன்ற நான்கு கூறுகள் வேண்டும். அவை தூய்மை, சுருக்கமின்மை, அளவு, பொருத்தம் என்பன.

முதலாவது தூய்மை. வியர்வையைப் பருத்தி உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் உடலுக்குக் குளிர்ச்சி உண்டாகிறது. ஆனால் வியர்வையைத் தோலில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைப்பதால் நாற்றம் தோன்றுகிறது. ஆகவே கோடையில் ஒரு நாள் உடுத்தியதை மறுநாள் துவைக்காமல் உடுத்தலாகாது. நறுமணத் தெளிப்பு நாற்றத்தை மறைக்குமே தவிரப் போக்காது. புதிய வண்ணப் பருத்தித் துணி முதற்சலவையில் சாயம் விடக்கூடும். அதனைத் தனியே, குளிர்ந்த நீரில் துவைத்தல் நன்று. வண்ணத் துணியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி நிழலில் உலர்த்தினால் நிறம் மங்காது. நாளடைவில் வெள்ளைத்துணி சற்று மஞ்சளாகும். அலசும் நீரில் சிறிது நீலம் கலந்தால், அம்மஞ்சள் கண்ணுக்குப் புலப்படாது. துணி வெண்மையாகத் தோன்றும்.

சட்டையின் உட்புறத்தில் தைக்கப்பட்டுள்ள சிறு சீட்டில் சில குறிகள் இருக்கும். நீர்த்தொட்டியின் படம் துவைக்கும் முறையையும், முக்கோணம் வெளுப்பானையும், சதுரம் உலர்த்தும் முறையையும், தேய்ப்புப் பெட்டியின் படம் தேய்க்கும் முறையையும் குறிக்கும். பெட்டிக்குள் ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு, இரண்டு இருந்தால் நடுத்தரச் சூடு, மூன்று இருந்தால் மிகுந்த சூடு என்று பொருள். எந்தக் குறியின் மீதும் பெருக்கல் கோடு இருந்தால் அச்செயல் கூடாது. இக்குறிகளை அறிந்தவர், எம்மொழி வழங்கும் ஊரில் வாங்கிய துணியையும் பாழாக்காமல் காப்பார்.

இரண்டாவது சுருக்கமின்மை. பருத்தி இழை நனையும்போது நெகிழ்கிறது; உலரும்போது எந்நிலையில் இருக்கிறதோ அந்நிலையிலேயே இறுகுகிறது. கசங்கிய நிலையில் உலர்ந்தால் சுருக்கம் நிலைபெறும். எனவே துவைத்த துணியை உதறி, நேராக இழுத்துக் கொடியில் இட்டால் பாதிச் சுருக்கம் நீங்கிவிடும். இலேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்தால் மீதியும் நீங்கும். பருத்திக்கு மிகுந்த சூடு ஏற்றது. பாலியெஸ்டர் மிகுந்த சூட்டில் உருகிவிடும். தேய்ப்புப் பெட்டி இல்லாத வீடுகளில் பித்தளைச் செம்பினுள் நெருப்புக் கங்குகளை இட்டுத் துணி தேய்த்தனர். மடித்த துணியைத் தலையணையின் அடியில் வைத்தும் மடிப்பை நிலைக்கச் செய்தனர். சோறு வடித்த கஞ்சியைத் தெளிவாக நீர்த்து அதில் துணியைத் தோய்த்தெடுத்தால் விறைப்பு உண்டாகும். கஞ்சி மிகுந்தால் என்ன ஆகும் என்பதைக் காந்தியின் கழுத்துப்பட்டியே காட்டிவிட்டது.

மூன்றாவது அளவு. சட்டையின் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் அமைய வேண்டும். கீழே சரிந்தால் சட்டை இரவல் வாங்கியதுபோல் தோன்றும். கால்சட்டையின் விளிம்பு தரையில் புரளலாகாது. வளரும் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கும்போது, உள்ளே மடிப்பு வைத்துத் தைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். பெண் வளர வளர அம்மடிப்பைப் பிரித்து நீளத்தைக் கூட்டுவர். ஒரே பாவாடை சில ஆண்டுகளுக்கு உதவும். அறுந்த பொத்தானையும் பிரிந்த தையலையும் உடனே சீர்செய்தல் வேண்டும். அதற்கு ஊசி, நூல், பத்து நிமிடப் பொழுது ஆகியவை போதும். ஒட்டுப்போட்ட சட்டை இழிவன்று; பொத்தானின்றித் திறந்து கிடக்கும் புதுச்சட்டையைவிட அது செம்மையானது.

நான்காவது பொருத்தம். உடை இடத்திற்கும் பருவத்திற்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும். சித்தூரின் வெயிலுக்குப் பருத்தி. தில்லியின் மார்கழிக் குளிருக்குக் கம்பளி. விளையாட்டுத் திடலுக்குரிய உடையைத் துயர வீட்டிற்கு அணிந்து செல்வது பொருந்தாது. அணியும் நிறங்கள் இரண்டு மூன்றுக்குள் அடங்கினால் தோற்றம் அமைதியாக இருக்கும். இவற்றோடு வாரிய தலை, வெட்டிய நகங்கள், துடைத்த காலணி ஆகியன சேர வேண்டும். அழுக்கான நகங்கள் பிற அனைத்தையும் கெடுத்துவிடும்.

பிறர் உடையை மதித்தல்

தம் உடையைச் செம்மையாக உடுத்தக் கற்பவர், பிறர் உடையை இகழாமலும் இருக்கக் கற்க வேண்டும். உடையைக் கொண்டு மக்களைத் தாழ்த்தும் வழக்கம் தமிழ் வழங்கும் நிலத்திலும் இருந்தது. முன்னாள் திருவிதாங்கூரின் தென்பகுதியில் சில சமூகத்துப் பெண்கள் மேலாடை அணிவதே மறுக்கப்பட்டது. அவர்கள் நெடுங்காலம் போராடினர். அப்போராட்டம் தோள்சீலைப் போராட்டம் எனப்படும். அதன் பயனாக 1859ஆம் ஆண்டு நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு இசைவளித்தது. இன்று எவரும் எண்ணிப் பாராது அணியும் ஒரு துணிக்காக அன்று மக்கள் அடிபட்டனர்.

அண்மைக் காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 2014ஆம் ஆண்டு சூலையில், வேட்டி உடுத்திச் சென்ற சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் சென்னையில் உள்ள மனமகிழ் மன்றம் ஒன்றினுள் நுழைய இசைவு மறுக்கப்பட்டது. வேட்டி தூய்மையாக இருந்ததா என்று அங்கே எவரும் பார்க்கவில்லை. வேட்டி என்பதே தடையாயிற்று. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. வேட்டியோ பிற இந்திய மரபு உடையோ அணிந்தமைக்காகப் பொது இடங்களில் நுழைவதைத் தடுப்பது குற்றமாயிற்று. அக்குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம்.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். பள்ளியில் சீருடையும், வீட்டில் பிற இளையோர் அணியும் உடையும், பொங்கல் நாளில் வேட்டியும் பாவாடை தாவணியும் அவர்கள் உடுத்துகின்றனர். வேட்டி கட்டிய தாத்தாவைக் கண்டு அண்டை வீட்டார் வியக்கலாம். சிலர் நகைக்கவும் கூடும். அவ்வேளையில் வெட்கப்பட வேண்டிய காரணம் ஏதும் இல்லை. துவைத்து, மடிப்புக் கலையாமல், முறையாகக் கட்டிய வேட்டி எந்த ஊரிலும் மதிப்பிற்குரிய உடையே. அதுபோலவே, புதிய மாநிலத்தில் தாம் காணும் பிறர் உடையையும் நகைப்பின்றி நோக்குதல் கடமையாகும்.

உடையின் விலையைக் குடும்பத்தின் வருவாய் தீர்மானிக்கலாம். அதன் தூய்மையையும் மடிப்பையும் பொத்தானையும் உடுத்துவோரின் கைகளே தீர்மானிக்கின்றன. பத்து வயதுப் பிள்ளையும் தன் சட்டையைத் துவைக்கவும் மடிக்கவும் பொத்தான் தைக்கவும் கற்கலாம். அவ்வாறு கற்ற பிள்ளை எந்த அவையிலும் கூசி நிற்க வேண்டியதில்லை.

அருஞ்சொற்பொருள்

கந்தை – கிழிந்த பழந்துணி
செம்மை – ஒழுங்கு, சீர்
கங்கு – எரியும் கரித்துண்டு
இரவல் – பிறரிடம் வாங்கித் திருப்பித் தருவது
இசைவு – ஒப்புதல்
தண்டம் – குற்றத்திற்குச் செலுத்தும் பணம்

பயிற்சி

1. பாலசுந்தரம் தம் தலைத்துணியைக் கையில் ஏந்தி நின்றது ஏன்? அதனை மீண்டும் கட்டியபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியதற்குக் காரணம் யாது?
2. முடி வெட்ட மறுக்கப்பட்டபோது காந்தி தம் சமூகத்தைப் பற்றி எண்ணியது யாது?
3. பருத்தித் துணியை இலேசான ஈரத்துடன் தேய்ப்பது ஏன்?
4. உன் சட்டையில் உள்ள சீட்டின் குறிகளைப் பார்த்து வரைக. ஒவ்வொன்றின் பொருளையும் தமிழில் எழுதுக.
5. உன் வீட்டில் வழங்கும் உடைப் பெயர்கள் ஐந்தினை எழுதுக. நீ வாழும் மாநிலத்தின் மொழியில் அவற்றிற்கு வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து எதிரே எழுதுக.
6. அறுந்த பொத்தான் ஒன்றைப் பெரியோர் துணையுடன் தைத்து, செய்த முறையை ஐந்து தொடர்களில் விளக்குக.